உளையுது

தணிப்புக்கு முன் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது விதி. பேச முடியாத பிள்ளையாக இருந்தாலும்.

அதற்காகத்தான் மருத்துவ மையத்தின் ஊழியன் பூபதி ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டில் வைத்தான். மணி பத்து நாற்பது. ஆபரேஷன் தியேட்டரில் பதினொன்றரைக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த முறை எட்டு மாதம் கழித்து.

அமலி கட்டிலில் கிடந்தாள். பத்து வயது. பிறந்தபோது மூச்சு வர நேரமாகிவிட்டது; மூளை முடக்குவாதம். கை கால்கள் இறுகி முறுக்கிக்கொள்ளும். கழுத்து நிற்காது. பேச்சு இல்லை. நெற்றியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் சாம்பல் நிறப் பட்டை.

"அப்பா கையெழுத்து?" என்றான் பூபதி.

"கேட்டுக்கு வெளிய வச்சே போட்டுட்டாக," என்றாள் தாய் ரெஜினாள்.

அவன் தாளைப் பார்த்தான். எழுத்து கோணலாக இருந்தது. நின்றுகொண்டே எழுதியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி. அத வச்சா என்ன செய்யும்?"

"தணிப்புன்னா காதுக்குப் பின்னாடி ஒரு அரிசி அளவு சில்லுங்க அக்கா. பாப்பாவுக்கு எது நடந்தாலும் மனசு அதைப் பெருசா எடுத்துக்காது. ஊசி குத்தினா குத்தினது தெரியும். ஆனா அது ஒரு விஷயமா இருக்காது."

"எங்களத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"பெறவு எடுக்கணும்னா?"

"எலும்பு மூடிக்குங்க. எடுக்க முடியாது."

ரெஜினாள் மேற்கொண்டு கேட்கவில்லை. நான்கு மாதமாக எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தாள்.

பட்டை மூளையின் அலைகளைப் படிக்கும். ஆனால் அதற்குத் தானாகச் சொல் தெரியாது. முதல் நாற்பது நாள் அவள் சேலைத் தோளில் ஒரு பொத்தான் மைக்கைக் குத்திக்கொண்டு, பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள். பசிக்கி. மூத்திரம் முட்டுது. வயிறு எரியுது. அவளுடைய சொற்களைப் பட்டை கற்றுக்கொண்டது. அதன் பிறகு பிள்ளைக்கு அந்த நிலை வரும்போது அந்தச் சொல்லை மையத்துக்கு அனுப்பியது. மையத்தின் திரையில் அது இரண்டு கம்பங்களில் ஒன்றில் ஏறும். உடல், அல்லது மனம்.

வீட்டுக்குப் போனில் வருவது கம்பங்கள் மட்டும். சொல் வராது. தொடக்கத்தில் வீடுகளிலும் ஒலிபெருக்கி இருந்தது. கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் ஒரு தகப்பன் பட்டையை அம்மியில் வைத்து நசுக்கினான். அதோடு ஒலிபெருக்கியை எடுத்துவிட்டார்கள்.

அமலியின் உடல் கம்பம் எப்போதும் பச்சை. மனம் சிவப்பு. பத்துக்கு ஒன்பது.

வீட்டில் சத்தம் போடாதீர்கள் என்றார்கள். போடவில்லை. அமைதிக்கு மருந்து கொடுத்தார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாள்; விழித்தால் ஒன்பது. இரண்டாம் மாதம் மையத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அமலியைத் தகப்பன் தஸ்நேவிஸ் தூக்கும்போதெல்லாம் கம்பம் உச்சிக்குப் போகிறது.

தஸ்நேவிஸ் தூத்துக்குடியில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். குரல் பெரியது. தினமும் சாயந்தரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் ஏலக்கூடம் வரை போவார். குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ரெஜினாளிடம் கேட்டார்கள். பிறகு பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கம்பம் இருந்தது. தஸ்நேவிஸ் எஞ்சின் கொட்டகையில் படுக்க ஆரம்பித்தார். மகளைத் தொட்டு ஒன்பது வாரம் ஆகிறது. மையத்தின் வாசலைத் தாண்டவும் அவருக்கு அனுமதி இல்லை.

தணிப்பு முடிந்தால் சிவப்பு இறங்கும். இறங்கினால் அவர் வீட்டுக்கு வரலாம். ரெஜினாள் கையெழுத்துப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூபதி கையிலிருந்த தொடுதிரைப் பலகையைப் பார்த்து வாசித்தான். விதியில் இருக்கும் கேள்வி. அதே சொற்களில் கேட்க வேண்டும்.

"அமலி. இப்போது உனக்கு எப்படி இருக்கிறது?"

ஒலிபெருக்கி சற்றுப் பொறுத்துப் பேசியது. தெளிவான சிறுமிக் குரல். மையத்தில் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் அந்தக் குரல்தான்.

"உளையுது."

பத்து வருடத்தில் மகள் சொல்லிக் கேட்ட முதல் சொல். ரெஜினாள் யோசிக்காமல் கட்டிலின் மேல் குனிந்தாள்.

"எந்தக் காலு மக்கா?"

பூபதியின் விரல் பலகையின் மேல் நின்றது.

"காலுங்களா?"

"உளையுதுன்னு சொல்லுதால்லா. எந்தக் காலுன்னு கேட்டேன்."

"உளைச்சல்னா மனசுங்க அக்கா."

"மனசு எதுக்கு உளையும்? காலுதான் உளையும். முட்டு உளையும். மழைக்கு முன்ன எனக்குக் கை உளையும்."

"அப்ப, வலிங்களா?"

"வலி வேற. அடிபட்டா வலி. இது உள்ள கெடந்து எலும்பப் போட்டுத் திருகுத மாதிரி. விடவே விடாது. உங்க ஊருல அதுக்கு என்ன சொல்லுவிய?"

பூபதிக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம். "கடுக்குதும்போம். குடையுதும்போம்."

"உளையாதா?"

"உளையாதுங்க. எங்க பக்கம் மனசு மட்டுந்தான் உளையும். அதும் பேப்பர்லதான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உளையுது," என்றது குரல்.

பூபதி பலகையில் பழைய பதிவைத் திறந்தான். கீழே தள்ளினான். தள்ளிக்கொண்டே இருந்தான். ஒரே சொல்தான் வந்துகொண்டிருந்தது.

"எத்தன தடவ?" என்றாள் ரெஜினாள்.

"ஆறாயிரத்துச் சொச்சங்க."

"நான் காலு உளையுதுன்னுதான சொல்லிக் குடுத்தேன். காலு எங்க போச்சு?"

"ஒரு நிலைக்கு ஒரே சொல்லுதான் எடுத்துக்கும். காலை விட்டுருக்குது."

"உளையுதுன்னா மனசுன்னு யாரு சொன்னா?"

"அகராதிங்க. பட்டைக்குன்னு இங்கயே செஞ்சது." அவன் அவளைப் பார்க்காமல் எழுந்தான். "டாக்டரைக் கூப்பிடறேன்."

டாக்டர் மிருணாளினி தியேட்டர் உடையிலேயே வந்தார். மணி பத்து ஐம்பத்தாறு. நின்றபடியே கேட்டார். முடிக்கும் வரை குறுக்கிடவில்லை.

"புரியுதும்மா. ஆனா ஒரு வார்த்தைய வச்சு இதை நிறுத்த முடியாது. உங்க ஊர்ல காலுக்குச் சொல்றீங்க, சரி. பட்டை அதைக் காலுக்குத்தான் சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?"

"காலத் தொட்டுப் பாருங்க. தெரியும்."

"தொட்டா ஏறும். ஏறும்னு எங்களுக்கே தெரியும். அப்பா தூக்கினப்போ ஏறிச்சு. அதை நாங்க பயம்னுதான் பதிவு பண்ணியிருக்கோம். இப்ப ஏறினாலும் பயம்னுதான் தணிப்புக் குழு சொல்லும்."

"அப்ப எதச் செஞ்சாலும் பயம்தானா?"

டாக்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

ரெஜினாள் சேலை முந்தியை இடுப்பில் செருகினாள்.

"ரெண்டு காலையும் நானே தூக்குதேன். ஒரே கை. ஒரே ஆளு. பயம்னா ரெண்டுக்கும் பயப்படணும்லா?"

டாக்டர் பூபதியைப் பார்த்தார். பூபதி தலையாட்டினான்.

"இருபது விநாடி பிடிக்கணும்," என்றார் டாக்டர். "அதுக்குக் குறைஞ்சா பதிவாகாது. அதே மாதிரி மூணு தடவை."

ரெஜினாள் வலது முழங்காலின் கீழ் கையைக் கொடுத்தாள். மடக்கினாள். வெளிப்பக்கமாக மெதுவாக விரித்தாள். அமலி தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூபதி எண்ணினான். இருபது. ஒலிபெருக்கி பேசவில்லை.

இடது கால். முழங்காலை மடக்கியதுமே பாதம் விறைத்தது. ரெஜினாள் விரித்தாள்.

"உளையுது."

"ஏழு, எட்டு," என்றான் பூபதி.

"உளையுது. உளையுது."

அமலியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை, அவள் அழுதால் முதலில் சத்தம் வராது. முகம் சிவந்து, கழுத்து பின்னால் வளைந்தது. கண்கள் தாயை விட்டு நகரவில்லை. ரெஜினாளும் பார்வையை எடுக்கவில்லை.

"பதினாலு. பதினஞ்சு."

"மக்கா, இன்னும் கொஞ்சம்."

"உளையுது உளையுது உளையுது."

"இருபது."

காலை விட்டாள். அப்போதுதான் அமலிக்குச் சத்தம் வந்தது. நீளமாக வந்தது. வெளியே நடைபாதையில் யாரோ நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ரெண்டாவது," என்றார் டாக்டர். குரல் தாழ்ந்திருந்தது.

வலது கால்: ஒன்றுமில்லை. இடது கால்: மூன்றாவது விநாடியில் தொடங்கி நிற்கவில்லை. ரெஜினாள் உதட்டைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். பதினெட்டில் பூபதி வேகமாக எண்ணினான். டாக்டர் அதைக் கவனித்தார்.

மூன்றாவது முறை. ரெஜினாள் கையை நீட்டினாள். இடது காலைத் தொடவில்லை. இன்னும் ஒரு சாண் இருந்தது.

"உளையுது," என்றது குரல்.

பூபதி எண்ணத் தொடங்கவே இல்லை.

"தொடுறதுக்கு முன்னாடியே ஏறிடுச்சு," என்றார் டாக்டர். "அம்மா, இது பயம்."

"இப்பம் பயம்தான்." ரெஜினாள் நிமிர்ந்தாள். "ரெண்டு தடவ பெத்தவளே பிடிச்சுத் திருகியிருக்கேன். மூணாவது தடவைக்குப் பயப்படாம என்ன செய்வா? நீங்க பயப்பட மாட்டியளா?"

அமலி இப்போது தாயைப் பார்க்கவில்லை. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாள். தலையைத் திருப்புவது அவளால் அரிதாகத்தான் முடியும்.

"ஆறாயிரம் தடவ சொல்லியிருக்கா," என்றாள் ரெஜினாள். "இன்னும் எத்தன தடவ சொல்லணும், சொல்லுங்க. சொல்லச் சொல்லுதேன்."

டாக்டர் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். அமலியின் இரண்டு பாதங்களையும் சேர்த்து மெத்தையில் வைத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கி நிறுத்தினார். குனிந்து, கண்களை முழங்கால்களின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

இடது முழங்கால் தாழ்வாக இருந்தது. இரண்டு விரற்கடை.

அதற்குப் பட்டை வேண்டியதில்லை. பார்க்கக் கண் போதும்.

"கடைசியா இடுப்புக்கு எப்ப எக்ஸ்ரே எடுத்தது?" என்றார்.

பூபதி தேடினான். "ரெண்டு வருஷம் ஆச்சுங்க மேடம். பட்டை வந்ததுக்கப்புறம் எடுக்கல. உடம்பு பச்சையா இருந்தா படம் வேண்டாம்னு விதி."

டாக்டர் முழங்கால்களைத் தாழ்த்தி, இரண்டுக்கும் அடியில் தலையணையைச் செருகினார். ஒலிபெருக்கி அடங்கியது. தியேட்டருக்குப் போன் செய்தார். "பதினொன்றரை வேண்டாம். அடுத்த பேஷண்டை எடுத்துக்கோங்க. இல்ல, தள்ளி வைக்கல. வேண்டாம்னு சொல்றேன்."

படம் வர இருபது நிமிடம் ஆனது. தொடை எலும்பின் குமிழ் கிண்ணத்தை விட்டு வெளியே நின்றது. மூன்றில் இரண்டு பங்கு. மருத்துவம் படிக்காதவளுக்கும் தெரிந்தது.

"தசை இறுகி இறுகி இழுத்திருக்கு," என்றார் டாக்டர். "கொஞ்சம் கொஞ்சமா. சரி பண்ணலாம். ஆபரேஷன் பெருசு. ஆனா சரி பண்ணலாம்."

"தணிப்பு வச்சிருந்தா?"

"நழுவிக்கிட்டேதான் இருந்திருக்கும். அவ சொல்லியிருக்க மாட்டா."

தஸ்நேவிஸ் சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடை ஓரத்தில் நின்றார். பெஞ்சு காலியாக இருந்தது. உட்காரவில்லை. ரெஜினாள் வருவதைக் கண்டதும் சாலையைப் பார்க்காமல் கடந்தார். ஒரு ஆட்டோக்காரன் திட்டிக்கொண்டே போனான்.

"முடிஞ்சிட்டா?"

"நிறுத்திட்டாக."

"ஏன்? பிள்ளைக்கு என்ன?"

"இடுப்பு மூட்டு நழுவிக் கெடக்கு. எடது பக்கம். அதான் உளைஞ்சிருக்கு. இவுக மனசுன்னு எழுதிட்டாக." அவள் மூச்சு வாங்கினாள். "உங்களப் பாத்து இல்ல. உங்களுக்குப் பயந்து இல்ல."

அவர் வலது கையைப் பார்த்தார். கிரீஸ் கறை நகங்களில் இருந்தது.

"நான் கால விரிச்சு இடுப்புல வப்பேன்லா," என்றார்.

"ஆமா."

"தெனமும்."

"ஆமா."

"அங்கன போய்த் திரும்புத வரைக்கும் அப்படியேதான் வச்சிருப்பேன்."

ரெஜினாள் இடுப்பில் செருகிய முந்தியை உருவினாள்.

"அப்ப நாந்தான்," என்றார் தஸ்நேவிஸ்.

வாட்ச்மேனுக்குச் சொல்லியிருந்தார்கள். கேட் திறந்திருந்தது. அவர் உள்ளே வரக் கொஞ்ச நேரம் ஆனது. அறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அமலி அவரைப் பார்த்து நாக்கை வெளியே நீட்டினாள். அது அவள் கூப்பிடும் விதம். டாக்டர் தூக்கும் முறையைக் காட்டினார். இரண்டு முழங்கால்களையும் சேர்த்து ஒரு கை, முதுகுக்கு ஒரு கை.

"நீயே தூக்கு," என்றார் தஸ்நேவிஸ் ரெஜினாளிடம். "நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

பூபதி மூலையில் உட்கார்ந்து பலகையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"மேடம். உளையுதுங்கற சொல்லு அதிகமா வர்ற பிள்ளைங்க முந்நூத்தி பன்னண்டு. எல்லாம் தெக்கு மாவட்டங்க."

"தணிப்பு ஆனவங்க?"

"நாப்பத்தொண்ணு."

"இப்ப அவங்க கம்பம்?"

"எல்லாம் பச்சைங்க. உடம்பும் பச்சை. மனசும் பச்சை. ஒரு புகாரும் இல்ல."

"எக்ஸ்ரே?"

"இல்லீங்க."

பூபதி பலகையை மடியில் வைத்தான்.

"அகராதிய எழுத்துவாரியாப் பிரிச்சுக் குடுத்தாங்க மேடம். 'உ' வரிசை எனக்கு வந்துச்சு. அந்தச் சொல்ல மனசுல போட்டது நாந்தான். சந்தேகமே வரல. யார்கிட்டயும் கேக்கல."

டாக்டர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். "முந்நூத்தி பன்னண்டு பேரையும் வரச் சொல்லணும். முதல்ல அந்த நாப்பத்தொண்ணு. இப்பவே கூப்பிடு."

முதல் எண் மணப்பாட்டில் ஒரு தாய். பூபதி போனை மேசை மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

"வணக்கங்க. மையத்துலேர்ந்து பேசறேன். பாப்பாவுக்குக் கால்ல ஏதாவது வலி, தொந்தரவு இருக்குதுங்களா?"

"ஒரு தொந்தரவும் இல்ல சார். ரொம்ப நல்லாருக்கா. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"இடுப்புல?"

"ஒண்ணும் இல்ல சார். வச்சிரட்டா? உலை கொதிக்கி."

பூபதி டாக்டரைப் பார்த்தான். ரெஜினாள் அமலியைப் படுக்க வைத்துவிட்டு வந்து போனை எடுத்தாள்.

"வச்சிராதிய. நான் ரெஜினாள், தூத்துக்குடி. என் மவளுக்கும் இதே பட்டைதான். உங்க மவ பேரு என்ன?"

"சலேத்."

"சலேத்துக்கு முன்ன எந்தக் காலு உளையும்?"

மறுமுனையில் அடுப்பு நிறுத்தும் சத்தம்.

"எடது," என்றாள் அந்தப் பெண். "எப்படிக் கண்டுபிடிச்சிய? முன்ன ராவும் பகலும் அதான். இப்ப இல்லக்கா. அத வச்ச பெறவு ஒரு நாள்கூட அழல."

"பக்கத்துல இருக்காளா?"

"பாயில கெடக்கா."

"எடது கால மட்டும் மடக்கி, மெதுவா வெளிப்பக்கமா விரிச்சுப் பாருங்க. மெதுவா."

போனைத் தரையில் வைத்த ஓசை கேட்டது. பாய் அசைந்தது. பிறகு ஒரு குழந்தை கலகலவென்று சிரிக்கும் சத்தம். அறையில் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா."

"சொல்லுங்க."

"பாதிக்கு மேல போக மாட்டேங்கு. உள்ள என்னமோ நறநறங்கு."

"போதும். விட்டுருங்க."

"எதுக்குக்கா விடணும்?" என்றாள் அந்தப் பெண். "அவதான் சிரிக்காளே."